சயனைடு தின்னு செத்தவர்னு நாலு வரியில முடிக்காதீங்க

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு, வணக்கமுங்க.

போன ஞாயித்துக்கெழமை இணைப்புல கடைசிப் பக்கத்துல விசித்திர மரணங்கள்னு ஒரு பெட்டிச் செய்தி போட்டிருந்தீங்க. அதுல ஸ்வீடன் நாட்டு பாட்டுக்காரர் டான் ஆண்டர்சனைப் பத்தி நாலு வரி. ஹோட்டல் ரூம்ல சயனைடு தின்னு 32 வயசுல உயிரை விட்டார்னு இருந்துச்சு. அஸ்தம்பட்டி டீக்கடையில உக்காந்து அதைப் படிச்சவன் டீயை அப்படியே வெச்சிட்டு வீட்டுக்கு வந்துட்டேன். அந்த மனுசன் சயனைடு தின்கலைங்க ஐயா. சாகணும்னு நெனைக்கவும் இல்ல. வேலை கேட்டு ஊர்ல இருந்து ஸ்டாக்ஹோமுக்கு வந்தவர், ஹோட்டல் ரூமுக்குப் போனார், உயிரோட வெளிய வரல. அவ்வளவுதான் நடந்தது. அதைத் திருத்திப் போடுங்கன்னு கேக்கத்தான் இந்த லெட்டர், ஆனா எழுத உக்காந்ததும் அவரைப் பத்தி சொல்ல நெறைய வந்து நிக்குது, கொஞ்சம் நீளமாத்தான் போகும், பொறுத்துக்கங்க.

நான் யாருன்னு சொல்லிடறேன். ஏற்காட்டுல ஒரு லாட்ஜ்ல 27 வருசம் ரூம் பாக்குற வேலை, பெட்ஷீட் மாத்துறதுல ஆரம்பிச்சு சூப்பர்வைசர் வரைக்கும். இப்ப ரிட்டயர்டு, கன்னங்குறிச்சியில இருக்கேன். எங்கப்பா குப்பனூர் அடிவாரத்துல கரிமூட்டம் போட்டு விறகுக்கரி சுட்டவர். இந்த ரெண்டும் இல்லேன்னா டான் ஆண்டர்சன் எனக்கும் நாலு வரியாத்தான் போயிருப்பாரு.

எம் பொண்ணு எலக்ட்ரிக்கல் படிச்சிட்டு ஸ்வீடன்ல லுட்விகான்னு ஒரு சின்ன ஊர்ல வேலைக்குப் போச்சு. பெரிய பெரிய டிரான்ஸ்பார்மர் செய்யற ஊரு, நம்ம ஊர் பசங்க பொண்ணுங்க நெறையப் பேர் அங்க இருக்காங்க. ஒரு கோடைக்கு என்னையும் வரச்சொல்லி ரெண்டு மாசம் வெச்சிருந்துச்சு. அது ஆபீஸ் போனப்புறம் நான் ஏரிக்கரையில நடப்பேன், வேஸ்மன்னு பெரிய ஏரி, நம்ம மூக்கனேரியைப் போல எத்தனை மடங்கோ. அப்படி நடந்து லீவிகன்னு ஒரு கல்லறைத் தோட்டத்துக்குள்ள போனேன். ஒரு கல்லறைகிட்ட மட்டும் பூ வெச்சிருந்தாங்க. சாயங்காலம் பொண்ணைக் கேட்டா, அது டான் ஆண்டர்சன், கரி சுட்டவரு, பாட்டெழுதுனவரு, எங்க ஆபீஸ்ல எல்லாருக்கும் அவரைத் தெரியும், வருசா வருசம் ஆகஸ்ட்ல அவர் பேர்ல ஒரு வாரம் விழா எடுக்கறாங்கன்னு சொல்லுச்சு. கரி சுட்டவருன்னு கேட்டதும் எனக்கு ஒடம்பு சிலுத்துப் போச்சு. கரி சுட்டவன் கல்லறைக்கு ஒரு ஊரே பூ வெக்கிறதை நான் அங்கதான் பாத்தேன்.

அவர் பொறந்தது 1888 ஏப்ரல் 6, தாலார்னான்னு சொல்ற மாகாணத்துல ஸ்காட்லோஸ்பெரிங்கற காட்டு ஊர். அந்தப் பக்கம் பூரா இரும்பு மண்ணு. பக்கத்துலயே கிரெங்கெஸ்பெரின்னு பெரிய இரும்புச் சுரங்கம், 1989ல மூடுனது. இரும்பை உருக்கணும்னா கரி வேணும், கரிக்குக் காடு வேணும், காட்டுல ராப்பகலா மூட்டம் காக்க ஏழைங்க வேணும். நூத்துக்கணக்கான வருசம் அந்த ஊரு இப்படித்தான் ஓடியிருக்கு. இதைக் கேட்டப்ப எனக்கு நம்ம சேலத்து இரும்பு மலை கஞ்சமலை ஞாபகம்தான். 1830கள்ல ஹீத்னு ஒரு வெள்ளைக்காரர் பரங்கிப்பேட்டையில இரும்பு ஆலை வெச்சப்ப தாது போனது சேலத்துல இருந்து, உருக்குனது விறகுக்கரியில. எத்தனை காடு அதுல போச்சோ. அந்தக் கரியைச் சுட்டவங்க ஒருத்தர் பேராவது நமக்குத் தெரியுமாங்க? ஸ்வீடன்காரங்களுக்குத் தெரியும், ஏன்னா அவங்கள்ல ஒருத்தர் எழுதி வெச்சிட்டுப் போனாரு.

அவங்கப்பா ஊர்ப் பள்ளிக்கூட வாத்தியார். வாத்தியார்னதும் வசதின்னு நெனைக்காதீங்க, சம்பளம் ரொம்பக் கம்மி, பிள்ளைங்க ஜாஸ்தி. அப்பா வழியில ஃபின்லாந்துல இருந்து வந்து காட்டைத் திருத்தி வெள்ளாமை பண்ணுன ஜனம். 14 வயசுல, 1902ல, இந்தப் பையனை அமெரிக்காவுக்கு மினசோட்டாவுல இருந்த சொந்தக்காரங்ககிட்ட அனுப்பிப் பாத்தாங்க, அங்க பொழப்பு நல்லாருந்தா குடும்பமே போயிடலாம்னு. அந்தப் பையன் அங்கயும் இதே கஷ்டந்தான்னு எழுதிட்டு சில மாசத்துலயே திரும்பி வந்துடுச்சு. அப்புறம் மரம் வெட்டுறது, கரி சுடுறது, ஊர் ஊராப் போயி குடிக்காதீங்கன்னு மதுவிலக்கு சங்கத்துக்குப் பேசுறது, கொஞ்ச நாள் வாத்தியார் வேலைன்னு கெடைச்சதெல்லாம் செஞ்சிருக்காரு. பிடில் வாசிப்பாரு, அக்கார்டியனும் வாசிப்பாரு. 1914, 15 குளிர்காலத்துல லுட்விகா பக்கத்துல புருன்ஸ்விக்னு தொழிலாளிங்களுக்காக நடத்துன ஒரு பள்ளியில படிச்சாரு, அப்ப அவருக்கு வயசு 26.

புஸ்தகங்க வரிசையா வந்துச்சு. 1914ல கரிக்காரங்க கதைகள், 1915ல கரிமூட்டம் காக்குறவன் பாட்டுகள், 1917ல கருப்புப் பாட்டுகள், அப்புறம் ரெண்டு நாவல். பேரெல்லாம் நான் தமிழ்ல சொல்றது. பொண்ணு உக்காந்து வரி வரியா அர்த்தம் சொல்லும், நான் கேப்பேன்.

மூட்டம்னா என்னன்னு இப்ப உள்ள பிள்ளைங்களுக்குத் தெரியாது, அதனால இதைக் கொஞ்சம் சொல்லியே ஆகணும். வேலங்கட்டையை அளவா வெட்டி நெருக்கமா அடுக்கி, மேல தழையும் வைக்கோலும் போட்டு, அதுக்கு மேல மண்ணை ஈரமா அப்பி மூடணும். தீ வெச்சதுக்கப்புறம்தான் வேலையே. உள்ள எரியவும் கூடாது அணையவும் கூடாது, வேகணும். எங்கயாவது மண்ணு வெடிச்சு ஒரு ஓட்டை விழுந்துச்சுன்னா காத்து உள்ள போயி அத்தனை கட்டையும் சாம்பல், ஒரு மாச ஒழைப்பு ஒரு ராத்திரியில போயிடும். அதனால மூட்டக்காரன் தூங்க முடியாது. எங்கப்பா ஓலைக் கொட்டாய்ல படுத்திருப்பாரு, அரை மணிக்கொருக்கா எந்திரிச்சு சுத்தி வருவாரு, வெடிப்பைப் பாத்தா மண்வெட்டியோட ஓடுவாரு. பொகையோட நெறத்தை வெச்சே உள்ள என்ன நடக்குதுன்னு சொல்லிடுவாரு. மொதல்ல வெள்ளையா குபுகுபுன்னு வரும், அது கட்டையில இருக்குற தண்ணி. கடைசியில நீலமா மெல்லிசா வரும், அப்ப கரி ஆயிருச்சுன்னு அர்த்தம். அதுக்கப்புறமும் ஓட்டையெல்லாம் அடைச்சு ஆற விட்டுத்தான் பிரிக்கணும், அவசரப்பட்டுப் பிரிச்சா குப்புன்னு பத்திக்கும். எங்கப்பாவோட வலது புருவம் அப்படித்தான் போச்சு.

ஸ்வீடன்லயும் இதேதாங்க. வைக்கோலுக்குப் பதிலா ஊசியிலை மரத்தோட தழை, மண்ணோட கரித்தூளையும் கலந்து அப்புவாங்க. மூட்டம் பெருசு, ரெண்டு மூணு வாரம் ஆகும். அவங்களும் பக்கத்துலயே சின்னதா குடிசை கட்டிக்கிட்டு உள்ள தீ மூட்டிப் படுத்துக்கிட்டு நடுராத்திரி எந்திரிச்சு மூட்டத்து மேலயே ஏறி மிதிச்சு ஓட்டையை அடைப்பாங்க. கால் உள்ள போயிட்டா அவ்வளவுதான். நாங்க கரண்டு போனா மெழுகுவத்தி ஏத்துற கணக்கா அவங்க பனியில இதைச் செஞ்சிருக்காங்க.

அந்தக் குடிசையில உக்காந்த மனுசனோட மனசை டான் ஆண்டர்சன் எழுதியிருக்காரு. ஒரு பாட்டுல, விடுமுறை ராத்திரி, மரம் வெட்டுற ஆளுங்க குடிசைக்குள்ள இருக்காங்க, வெளிய பனி. ஏக்கமே நீ வெளிய போ, எங்ககிட்ட தீ இருக்கு, கறி இருக்கு, சாராயம் இருக்குன்னு ஆரம்பிக்குது. சந்தோசமா பாடற மாதிரிதான் இருக்கும். ஆனா ஏக்கத்தை வெளிய போன்னு சொல்லணும்னா அது உள்ள வந்து உக்காந்திருக்குன்னுதானே அர்த்தம். எங்கப்பா ராத்திரி கொட்டாய்ல இருந்து சத்தம் போட்டுப் பாடுவாரு, நாங்க சின்னப் பிள்ளைங்க சோறு கொண்டு போகும்போது தூரத்துலயே கேக்கும், அப்பா ஜாலியா இருக்காருன்னு நெனைப்போம். அது தூக்கத்தையும் பயத்தையும் வெரட்டப் பாடுனதுன்னு எனக்கு அறுபது வயசுல, வேற நாட்டுக்காரன் பாட்டைக் கேட்டுத்தான் புரிஞ்சுது.

இன்னொரு பாட்டுல ஒருத்தன் மூட்டத்துகிட்ட காத்துக்கிட்டே இருக்கான், நேரம் போகுது, நட்சத்திரம் நகருது, எங்கயோ தூர வழியில இருந்து ஒரு பொண்ணு வருவான்னு. இதை 1960கள்ல ஹூட்டனானி சிங்கர்ஸ்னு நாலு பசங்க பாடி ஸ்வீடன் பூரா ஹிட்டு. அந்த நாலு பேர்ல ஒருத்தர் பியோர்ன் உல்வேயஸ், பின்னாடி ABBAங்கற ஸ்வீடன் பாட்டுக் குழுவுல ஒருத்தரா உலகம் பூரா பேர் வாங்குனாரே அவரேதான். அவரோட முதல் ஹிட்டு ஒரு கரிக்காரன் பாட்டுன்னு நம்ம ஊர் ரசிகர்ல எத்தனை பேருக்குத் தெரியும்னு தெரியல. பிச்சைக்காரன் ஒருத்தனைச் சுத்தி ஜனங்க உக்காந்திருக்க அவன் மலைக்கு அந்தாண்ட என்னவோ இருக்குன்னு பாடற பாட்டு ஒண்ணு இருக்கு, அது அந்த ஊர்ல எல்லாருக்கும் வாயில வரும். பொழுது விடியறதுக்கு முந்தி ஒரு பிடில்காரன் பொணத்தைத் தூக்கிக்கிட்டுப் போற பாட்டு ஒண்ணு இருக்கு, அதை நான் ரெண்டாவது தடவை கேக்க மாட்டேன்னுட்டேன், முடியல.

சில பாட்டுக்கு அவரே மெட்டு போட்டிருக்காரு. மத்ததுக்கெல்லாம் பின்னால வந்தவங்க. அவர் 1918ல ஓல்கான்னு ஒரு டீச்சரைக் கட்டுனாரு, ஓல்காவோட தம்பி குன்னார் தூரெசன் பாட்டுக்காரர், அத்தான் எழுதுனதுக்கு மெட்டுப் போட்டு ஊர் ஊராப் பாடியே மக்கள்கிட்ட கொண்டு போனவரு அவரு. 2005ல கூட சோஃபியா கார்ல்சன்னு ஒரு பாடகி இவர் பாட்டை மட்டும் வெச்சு ஒரு ஆல்பம் போட்டாங்க, எம் பொண்ணு கார்ல எப்பவும் அதுதான் ஓடும். நம்மளுக்கு பட்டுக்கோட்டையார் எப்படியோ அப்படின்னு வெச்சுக்கங்க. அவரும் எத்தனையோ கைவேலை பாத்துட்டு வந்து பாட்டெழுதி 29 வயசுல போனவரு. ஆனா பட்டுக்கோட்டையாரைப் பத்தி எழுதும்போது அவர் எப்படிச் செத்தார்னு மட்டும் போட்டு விசித்திரம்னு தலைப்பு வெப்பமாங்க?

இப்ப அந்தச் சாவுக்கு வர்றேன், ஏன்னா அதுலயும் எனக்குச் சொல்ல விசயம் இருக்கு.

1920 செப்டம்பர்ல பேப்பர் ஆபீஸ்ல வேலை கெடைக்குமான்னு கேட்டுப் பாக்க ஸ்டாக்ஹோம் போனாரு. முந்தியே கோத்தன்பர்க்ல ஒரு பத்திரிகையில வேலை பாத்தவருதான். ஹெல்மன்னு ஒரு ஹோட்டல், 11ஆம் நம்பர் ரூம். மூட்டைப்பூச்சிக்காக அந்த ஹோட்டல்ல சயனைடு கேஸ் விட்டிருந்தாங்க. விட்ட பின்னாடி செய்ய வேண்டியதைச் சரியாச் செய்யாமலே ஆளை உள்ள விட்டுட்டாங்க. செப்டம்பர் 16 அன்னிக்கு அந்த ரூம்ல செத்துக் கெடந்தாரு. அதே ஹோட்டல்ல இன்னொரு ரூம்ல இன்சூரன்ஸ் வேலை பாத்த இன்னொருத்தரும் அதே மாதிரி போனாரு. ரெண்டு பேர் ஒரே நாள்ல தனித்தனி ரூம்ல சயனைடு தின்பாங்களாங்க? உங்க ஆளு ஒரு நிமிசம் இதை யோசிச்சிருந்தா அந்த வரி வந்திருக்காது.

ரூம் பாக்குறவனுக்கு இது புரியும். மருந்து அடிச்ச ரூம்ல காத்து வெளிய போயிட்டாலும் மெத்தையும் தலகாணியும் கம்பளியும் இழுத்து வெச்சிருக்கும். குளிருக்கு ஜன்னலைச் சாத்திட்டுப் போர்த்திப் படுத்தா அது அத்தனையும் மறுபடி மூக்குக்கு வரும். சயனைடு வாசனை எல்லார் மூக்குக்கும் தெரியாது, நெறையப் பேரால அதைக் கண்டுபிடிக்கவே முடியாது. இப்ப நம்ம லாட்ஜுங்கள்ல அந்த கேஸ் இல்ல, வேற மருந்துதான், ஆனாலும் அடிச்சா ஜன்னல் கதவைத் தொறந்து விட்டு மெத்தையைத் தூக்கி வெளிய வெயில்ல போடணும், ஒரு நாள் ரூமை விக்கக் கூடாது. மே மாசம் கோடை விழா சீசன்ல ஒரு ரூமை ஒரு நாள் விக்காம வெக்கிறது எவ்வளவு கஷ்டம்னு எனக்குத் தெரியும். கீழ கவுண்ட்டர்ல ஆளுங்க பிள்ளை குட்டியோட நிப்பாங்க, 20 ஹேர்பின் வளைவு ஏறி வாந்தி எடுத்து வந்திருப்பாங்க, ஓனர் பையன் சாவியைக் குடுன்னு கத்துவான். நான் வேலை பாத்த எடத்துல ஒருக்கா அப்படித்தான் காலையில மருந்தடிச்ச ரூமை சாயந்தரம் குடுக்கச் சொன்னாங்க. நான் சாவியை சட்டைப் பாக்கெட்டுல போட்டுக்கிட்டு மாட்டேன்னுட்டேன். ஒரு வாரம் சம்பளம் பிடிச்சாங்க. அப்ப எனக்கு டான் ஆண்டர்சன் பேரே தெரியாது. லீவிகன்ல அந்தக் கல்லறை முன்னாடி நின்னப்ப அந்தச் சாவிதான் ஞாபகம் வந்துச்சு. ஸ்டாக்ஹோம்ல அன்னிக்கு ஒருத்தர் சாவியைக் குடுக்க மாட்டேன்னு நின்னிருந்தா இன்னும் எத்தனை பாட்டு வந்திருக்கும். அவருக்கு வயசு 32தானே, புஸ்தகம் வர ஆரம்பிச்சே ஆறேழு வருசந்தானே.

இதுல விசித்திரம் எங்கங்க இருக்கு? ஏழையா பொறந்து கரி சுட்டு எழுதிப் படிச்சு மேல வந்த ஒருத்தன், வேலை தேடிப் போன எடத்துல யாரோ வேலையை ஒழுங்காப் பாக்காததால செத்துப் போனான். இது தெனம் உங்க பேப்பர்ல நாலாம் பக்கத்துல வர்ற சேதிதான். பட்டாசுக் கொட்டாய், கல்லுக்குழி, கழிவுநீர்த் தொட்டின்னு நம்ம ஜனம் சாகறதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்.

ஸ்காட்லோஸ்பெரிக்கும் ஒரு ஞாயித்துக்கெழமை பொண்ணு கூட்டிட்டுப் போச்சு. வழி பூரா காடு, நடுநடுவுல ஏரி. அவங்க குடும்பம் இருந்த வீட்டை நினைவு இல்லமா வெச்சிருக்காங்க, சின்ன மர வீடு, செவப்பு பெயிண்ட். அங்க வந்திருந்த ஒரு வயசான அம்மாகிட்ட எம் பொண்ணு, எங்க தாத்தாவும் இந்தியாவுல கரி சுட்டவருதான்னு அவங்க பாஷையில சொல்லுச்சு. அந்த அம்மா ஒடனே எங்கையைப் பிடிச்சுக்கிட்டு கேட்டாங்க, உங்க ஊர் கரிக்காரங்க என்ன பாட்டு பாடுவாங்கன்னு. எனக்கு பதில் சொல்ல முடியல ஐயா. மூணு அடிதான் ஞாபகம் இருந்துச்சு, அதைப் பாடிக் காட்டுனேன். மீதி எங்கன்னு கேட்டாங்க. மீதி எங்கப்பாவோட போயிருச்சு.

அதனால உங்ககிட்ட ரெண்டு விசயம் கேக்குறேன். ஒண்ணு, வர்ற ஞாயித்துக்கெழமை அதே எடத்துல, அதே அளவு எழுத்துல, டான் ஆண்டர்சன் தற்கொலை பண்ணல, ஹோட்டல்காரங்க கவனக்கொறைவால செத்தாருன்னு திருத்தம் போடுங்க. அவர் என்ன எழுதுனார்னும் ஒரு வரி சேத்துப் போடுங்க.

ரெண்டாவது, உங்க பேப்பரை குப்பனூர், அயோத்தியாப்பட்டணம், வாழப்பாடி, டேனிஷ்பேட்டை பக்கமெல்லாம் படிக்கிறாங்க. அங்க மூட்டம் போட்ட ஆளுங்க இப்ப எழுபது எண்பது வயசுல யாராவது இருப்பாங்க, இல்லேன்னா அவங்க பிள்ளைங்க இருப்பாங்க. மேக்னசைட் சூளையில ராத்திரி காவல் இருந்தவங்க, ஏற்காட்டு எஸ்டேட்ல காப்பிப் பழம் பறிச்ச அம்மாங்க, இவங்களுக்கும் பாட்டு இருந்திருக்கும். தெரிஞ்சதை எழுதி அனுப்பச் சொல்லி ஒரு அறிவிப்பு போடுங்க, வாரத்துக்கு ஒண்ணுன்னு வெளியிடுங்க. எழுதத் தெரியாதவங்க இருந்தா நான் போயி கேட்டு எழுதிக்கிட்டு வர்றேன், பஸ் செலவு என்னோடது.

எங்கப்பா பாடுனதுல எனக்குத் தெரிஞ்ச அடிங்க கீழ இருக்கு. நாலாவது அடி கண்ணு மூடாமன்னு ஆரம்பிக்கும், அதுக்கு மேல வரமாட்டேங்குது. குப்பனூர் பக்கம் யாருக்காவது தெரிஞ்சா தயவு செஞ்சு உங்க ஆபீசுக்கு எழுதச் சொல்லுங்க.

வெள்ளப் பொகையே வெலகிப் போ
நீலப் பொகையே நின்னு வா
கட்டையாட்டம் நானும் வேகுறேன்
கண்ணு மூடாம…

இப்படிக்கு,
உங்க நீண்ட நாள் வாசகர்,
கன்னங்குறிச்சி, சேலம்